ஊற்றும் கைக்கு யார் தருவது சான்றிதழ்?

2018 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ‘மாஸ்டர் சொமெலியே’ தேர்வில் 24 பேர் தேறினார்கள். உணவகங்களில் ஒயின் பரிமாறுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு சொமெலியே என்று பெயர். அவர்கள் எழுதும் தேர்வுகளில் உச்சியில் இருப்பது இது. வழக்கமாக விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்குத்தான் ஆட்கள் தேறுவார்கள். அந்த ஆண்டு 24 என்றதும் ஒரே கொண்டாட்டம்.

ஒரு மாதத்துக்குச் சற்று மேல் கழிந்தது. அக்டோபர் 9 அன்று, தேர்வை நடத்திய ‘கோர்ட் ஆஃப் மாஸ்டர் சொமெலியேஸ்’ அமைப்பின் அமெரிக்கக் கிளையிலிருந்து அறிவிப்பு வந்தது. ருசித்துக் கண்டுபிடிக்கும் பிரிவில் வைக்கப்பட்ட ஒயின்களைப் பற்றிய ரகசியம், உறுப்பினர் ஒருவர் வழியாகத் தேர்வுக்கு முன்பே கசிந்துவிட்டதாம். அந்தப் பிரிவின் முடிவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். 23 பேரின் பட்டம் போயிற்று. ருசிப் பிரிவை முன்பே முடித்து வைத்திருந்த ஒருவர் மட்டும் தப்பினார்.

கசியவிட்டவர் ஒருவர், பட்டம் இழந்தவர்கள் 23 பேர். மறுதேர்வுக்கு வாய்ப்பு கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால், பட்டத்தைக் கொடுத்ததும் பறித்ததும் மறுதேர்வு வைத்ததும் ஒரே அமைப்பு. பல்கலைக்கழகமோ அரசுத் தேர்வு வாரியமோ அல்ல அது. ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் கூடி, அடுத்து வருகிறவர்களுக்குத் தேர்வு வைக்கும் ஒரு தனியார் சங்கம்.

எங்கோ நடந்த இந்த விவகாரத்தைத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து பேச ஒரு காரணம் இருக்கிறது. தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஓட்டல் மேலாண்மை நிறுவனம், துவாக்குடியில் இருக்கும் மாநில அரசின் நிறுவனம், இவை தவிர ஊருக்கு ஊர் முளைத்திருக்கும் தனியார் கேட்டரிங் கல்லூரிகள் என்று ஆண்டுதோறும் பிள்ளைகள் படித்து வெளியே வருகிறார்கள். அவர்களில் கணிசமானோர் போவது துபாய், சிங்கப்பூர், பிறகு கப்பல். கப்பல் வேலைக்குப் போகிறவன் தீயணைப்பும் கடலில் உயிர்காத்துக்கொள்ளும் முறைகளும் கற்றுச் சான்றிதழ் வாங்கியே தீர வேண்டும். சர்வதேசச் சட்டம் அது. அதே கப்பலின் உணவுக்கூடத்தில் அவன் ஒயின் ஊற்றும் இடத்துக்கு உயர வேண்டுமென்றால் எந்தச் சான்றிதழ், யார் தருவது, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அவனவன் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். முகவர் சொல்வதை நம்புகிறான், அல்லது முன்னே போன சீனியர் சொல்வதை நம்புகிறான்.

சந்தையில் சான்றிதழுக்குப் பஞ்சமில்லை. 1969 ஆம் ஆண்டின் ஜாதகம் அப்படி. முதல் மாஸ்டர் சொமெலியே தேர்வு இங்கிலாந்தில் நடந்தது அந்த ஆண்டில்தான். லண்டனின் ‘ஒயின் அண்ட் ஸ்பிரிட் எஜுகேஷன் டிரஸ்ட்’ தொடங்கப்பட்டதும், பிரான்ஸின் ரான்ஸ் நகரில் சர்வதேச சொமெலியேகள் சங்கம் உருவானதும் அதே ஆண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது ‘மாஸ்டர் ஆஃப் ஒயின்’ தேர்வு. 1953இல் முதன்முதலாக நடந்தபோது 21 பேர் எழுதி 6 பேர் தேறினார்கள். அது ஒயின் வணிகர்களுக்காகப் பிறந்தது. இந்தியாவிலிருந்து அந்தப் பட்டத்தை முதலில் பெற்றவர் சோனல் ஹாலண்ட், 2016இல்.

இந்தப் பெயர்களையெல்லாம் ஒரே தட்டில் வைத்து ‘ஒயின் கோர்ஸ்’ என்று நம் ஊரில் விளம்பரம் செய்கிறார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. லண்டன் டிரஸ்டின் படிப்பு நான்கு நிலைகள் கொண்டது, ஒழுங்கானது, உலகெங்கும் மதிப்புள்ளது. ஆனால் அதில் யாரும் சேரலாம்: வியாபாரி, பத்திரிகையாளர், பணி ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், பொழுதுபோகாத பணக்காரர். திராட்சை எங்கே விளைகிறது, மண்ணும் வெயிலும் அதை என்ன செய்கின்றன, ஒயின் எப்படித் தயாராகிறது என்று கற்றுத் தருவார்கள். எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் யாருக்கு முதலில் ஊற்றுவது என்பது அந்தப் படிப்பின் கவலை அல்ல. அதைப் படித்த ஒரு பையன், ஒயினைப் பற்றி நிறையத் தெரிந்த வெயிட்டராக இருப்பான். பரிமாறத் தெரிந்தவன் என்பதற்கு அந்தச் சான்றிதழ் சாட்சி சொல்லாது.

பரிமாறுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஷாம்பெய்ன் பாட்டிலின் கழுத்தை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஐந்து, ஆறு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கார் டயரில் இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கம்பிக் கூட்டை ஆறு அரைச் சுற்றுகளில் தளர்த்த வேண்டும். அந்தக் கணத்திலிருந்து கட்டைவிரல் கார்க்கை விட்டு அகலக் கூடாது. கார்க்கைத் திருகாமல் பாட்டிலைத் திருக வேண்டும். சத்தமாக வெடித்துத் திறப்பது சினிமாவில். தேர்வில் அதற்கு மதிப்பெண் குறைப்பார்கள். மேசையில் இருப்பவரின் கண்ணில் கார்க் பட்டால் என்னாகும் என்று கண் மருத்துவர்களைக் கேட்கலாம். பழைய சிவப்பு ஒயினின் அடியில் வண்டல் இருக்கும். பாட்டிலைக் கலக்காமல் எடுத்துவந்து, கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி ஏற்றி, வண்டல் நெருங்கும் நேரத்தில் சரியாக நிறுத்தி டிகாண்டர் என்னும் கண்ணாடிக் குடுவையில் வடிக்க வேண்டும். ஒயினைக் கேட்டு வாங்கியவருக்கு முதலில் கொஞ்சம் ஊற்றி ருசி பார்க்கச் செய்து, அவர் தலையசைத்த பிறகு மற்றவர்களுக்கெல்லாம் ஊற்றி, கடைசியில்தான் அவருடைய கிளாஸை நிரப்ப வேண்டும். 750 மி.லி. பாட்டிலில் 150 மி.லி. வீதம் ஐந்து கிளாஸ் வரும். எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேருக்கும் சமமாக வரும்படி கை அளந்தாக வேண்டும். இதற்கிடையில் விருந்தாளி கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

மாஸ்டர் சொமெலியே தேர்வில் இந்தச் செயல்முறைப் பிரிவு இருக்கிறது. வாய்மொழியாக நடக்கும் தியரி, ருசி, பரிமாறல் என்று மூன்று பிரிவுகள். மூன்று ஆண்டுக்குள் மூன்றையும் முடிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆனால் உலகம் பார்த்து வாய்பிளப்பது ருசிப் பிரிவைத்தான். ஆறு கிளாஸ் ஒயின், 25 நிமிடம், லேபிள் கிடையாது. எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்த வட்டாரம், எந்த ஆண்டு விளைச்சல் என்று சொல்ல வேண்டும். 2012இல் வந்த ‘சோம்’ என்ற ஆவணப்படம் இந்தத் தேர்வுக்குத் தயாராகும் நான்கு அமெரிக்க இளைஞர்களைப் பின்தொடர்ந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வர ஆசைப்பட்டவர்கள் உண்டு. 2018இல் கசிந்த ரகசியமும் இந்த ஆறு கிளாஸைப் பற்றியதுதான்.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு சந்தேகம். உணவகத்தில் எந்த விருந்தாளியும் லேபிளை மறைத்து வைத்துவிட்டு ‘இது என்ன ஒயின், சொல்லு பார்க்கலாம்’ என்று கேட்பதில்லை. மேசைக்கு வரும்போது லேபிள் விருந்தாளியைப் பார்த்தபடிதான் வருகிறது. அன்றாட வேலையில் வராத ஒரு வித்தையை அந்த வேலைக்கான தகுதியின் சிகரமாக வைத்திருக்கிறார்கள். அந்த வித்தைக்கும் எல்லை உண்டு. 2001இல் பிரான்ஸின் போர்தோ பல்கலைக்கழகத்தில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேரிடம் வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் அதை வர்ணித்தார்கள். கலிஃபோர்னியாவின் மாநிலப் பொருட்காட்சிப் போட்டியில் நடுவர்களுக்கு ஒரே ஒயினைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்த ராபர்ட் ஹாட்சன், பத்தில் ஒருவர்தான் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுத்தார் என்று 2008இல் எழுதினார். நாக்கு பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அதன் மேல் ஒருவருடைய பிழைப்பை மொத்தமாக ஏற்றி வைப்பது நியாயமா என்றுதான் கேட்கிறேன்.

மூக்கு தேவைப்படும் இடம் வேறு. கார்க்கிலிருந்து டிசிஏ என்னும் வேதிப்பொருள் இறங்கி ஒயினைக் கெடுத்துவிடும். 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் ஹான்ஸ் டானர் என்பவர் அதை அடையாளம் கண்டார். ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வந்துவிடும். விருந்தாளிக்குப் போகும் முன் அதைப் பிடித்துவிட்டால் ஓட்டலின் மானம் தப்பும். இந்தப் பயிற்சிக்கு விலை உயர்ந்த பாட்டில் எதுவும் வேண்டாம். கெட்டுப்போன பாட்டில்கள் போதும்! நம் கல்லூரிகளில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை வைத்து ஊற்றிப் பழகுகிறோம் என்று மாணவர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. ஊற்றப் பழகத் தண்ணீர் தாராளமாகப் போதும். கெட்ட ஒயினை முகர்ந்து அறிவதைத்தான் தண்ணீரால் சொல்லித்தர முடியாது.

இன்னொரு தகுதி இருக்கிறது. அதற்குப் பளபளப்பு கிடையாது, கோட்டில் குத்திக்கொள்ள பின் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒரு கிளாஸ் பீர் ஊற்றிக் கொடுப்பதற்கே ‘பொறுப்புடன் மது பரிமாறுதல்’ என்ற பயிற்சியை முடித்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 முதல் அதேபோன்ற விதி. வேலைக்குச் சேர்ந்த 60 நாளுக்குள் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டப்படி, பப், உணவகம் போன்ற இடங்களில் நடக்கும் மது விற்பனைக்குத் தனிநபர் உரிமம் பெற்ற ஒருவரின் ஒப்புதல் இருக்க வேண்டும். போதை ஏறியவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மறுப்பது, வயதுச் சான்றை எப்படிக் கேட்பது, வண்டி ஓட்டிப் போகிறவரை என்ன செய்வது என்பதெல்லாம் இந்தப் பாடத்தில் வரும். அரசாங்கங்கள் கட்டாயமாக்கியது இதைத்தான். பிரான்ஸின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில் எத்தனை கிராமம் என்று எந்த அரசாங்கமும் கேட்கவில்லை.

பரிமாறுகிறவனுக்கு இருக்க வேண்டிய அறிவில் விருந்தாளியின் உடம்பும் சேரும். ஒயினில் சல்ஃபைட் இருக்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லேபிளில் போட்டாக வேண்டும். தெளிய வைப்பதற்கு முட்டை வெள்ளையும் பால் புரதமும் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. ‘நான் சைவம், இதைக் குடிக்கலாமா?’ என்று குஜராத்திலிருந்து வந்த விருந்தாளி கேட்டால், சிரித்து மழுப்பாமல் பதில் சொல்லத் தெரிந்தவன்தான் தேறியவன் என்பேன்.

ஜப்பானியர்கள் இந்த வேறுபாட்டைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். ஜப்பான் சொமெலியே சங்கம் இரண்டு பட்டங்களைத் தருகிறது. மது பரிமாறும் தொழிலில் மூன்று ஆண்டாவது இருந்தவர்களுக்குத்தான் சொமெலியே. ஆசைக்குப் படிப்பவர்களுக்கு ‘ஒயின் எக்ஸ்பர்ட்’. தியரியும் ருசியும் இருவருக்கும் உண்டு; பாட்டிலைத் திறந்து வடித்துக் காட்டும் செயல்முறைத் தேர்வு தொழிலாளிக்கு மட்டும். பணம் கொடுத்தோ புத்தகம் படித்தோ தொழிலாளியின் பட்டத்தை வாங்கிவிட முடியாது. 1995இல் டோக்கியோவில் நடந்த உலகச் சிறந்த சொமெலியே போட்டியில் ஷின்யா தசாகி வென்றபோது, ஒயினுக்குச் சம்பந்தமில்லாத நாடு என்று நினைத்திருந்த ஐரோப்பா திரும்பிப் பார்த்தது. பிரான்ஸிலோ இது அரசாங்கத்தின் தொழிற்கல்வி. ஓட்டல் படிப்பு முடித்த பையனோ பெண்ணோ மேலும் ஓர் ஆண்டு படித்து, பாதி நேரம் உணவகத்தில் வேலை பார்த்து, சொமெலியே என்ற தேசியச் சான்றிதழ் வாங்கலாம். தச்சனுக்கும் ரொட்டி சுடுபவனுக்கும் கொடுக்கும் அதே அரசுமுறைதான்.

இங்கே உடனே ஒரு கேள்வி வரும். மதுவிலக்கை நோக்கிப் போக வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் சாலையில் உட்கார்கிறார்கள். இந்த நேரத்தில் சாராயம் ஊற்றுவதற்குப் படிப்பு ஒரு கேடா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. டாஸ்மாக்கால் குடும்பங்கள் சீரழிந்ததை நேரில் பார்த்த யாரும் அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால், குடிக்காதே என்று மறுக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரே மதுப் படிப்பு மேலே சொன்ன அந்தப் பளபளப்பில்லாத படிப்புதான். நம் ஓட்டல் பார்களில் அது தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அடுத்து, நாம் இங்கே கடையை மூடினாலும் நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் கப்பலில் பார் மூடாது. சட்டியும் தட்டும் கழுவுகிற இடத்திலேயே அவன் நின்றுவிட வேண்டுமா, டிப்ஸும் சம்பளமும் கூடுகிற மேசைக்கு வர வேண்டுமா என்பதுதான் அவன் வீட்டுக்கு முன்னால் இருக்கும் கேள்வி.

குடிக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுக் கப்பலேறும் பையன்களை நமக்குத் தெரியும். அவர்கள் இதைப் படிக்க முடியுமா? முடியும். தொழிலாக ருசி பார்ப்பவர்கள் விழுங்குவதில்லை, துப்பிவிடுகிறார்கள்; மேசையில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஐம்பது ஒயின் ருசித்து ஐம்பதையும் விழுங்குகிறவன் தொழிலில் நிற்க மாட்டான். துப்பினாலும் அமிலத்தால் பல் எனாமல் தேயும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும்.

இவர்களைத் தடுப்பது சத்தியத்தைவிட விலைதான். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் 150 சதவீதம்வரை சுங்கவரி போட்டுவந்தோம். 2022 டிசம்பரில் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயின்களுக்கு அது படிப்படியாகக் குறைகிறது. ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒரு மாதச் சம்பளத்தை விட விலை கூடிய பாட்டிலைத் திறந்து ஊற்றுகிற பையன் அதை ஒரு சொட்டு ருசித்திருக்க மாட்டான். விருந்தாளி ‘இது எப்படி இருக்கும்?’ என்று கேட்டால் அட்டையில் அச்சிட்டதை ஒப்பிக்கிறான். அந்த அட்டையிலும் அவன் வாழ்நாளில் பார்க்காத ஐரோப்பியப் பழங்களின் பெயர்கள். மிளகு வாசனை அவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? சிரா திராட்சை ஒயினில் வரும் மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டன்டோன் என்னும் பொருள் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்; நம் ரசத்தில் போடும் மிளகிலும் அதுதான் இருக்கிறது. கெவுர்ஸ்டிராமினர் திராட்சை ஒயினில் லிச்சி, சாவிஞோன் பிளாங் திராட்சை ஒயினில் கொய்யா என்று அவனுக்குத் தெரிந்த பழங்களைத் தொட்டே சொல்லிக்கொடுக்கலாம். அந்தப் பாடத்தை எழுத வேண்டியது இங்கிருக்கும் ஆசிரியர்கள்.

2020 அக்டோபரில் வந்த செய்தியையும் விட்டுவிட முடியாது. அதே அமெரிக்க அமைப்பின் மூத்த மாஸ்டர்கள் தங்களிடம் பாலியல் ரீதியாக அத்துமீறியதாக 21 பெண்கள் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழிடம் சொன்னார்கள். நிர்வாகிகள் விலகினார்கள், சிலர் பின்னர் நீக்கப்பட்டார்கள். அந்த அமைப்பில் பட்டம் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். கற்றுக்கொடுப்பவர், தேர்வு வைப்பவர், வேலைக்குச் சிபாரிசு செய்பவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் ஒரு இளம்பெண் யாரிடம் போய்ப் புகார் சொல்வாள்? சில ஆண்களின் கெட்ட குணம் என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அமைப்பின் கோணல்தான் பெரிதாகத் தெரிகிறது. 2018இன் கசிவும் அதே கோணலிலிருந்து வந்ததுதான்.

நமக்கு இப்போது ஒரு வசதி: இங்கே இன்னும் எதுவும் இறுகிப்போகவில்லை. ஓட்டல் படிப்புகளுக்கான தேசியக் கவுன்சில் 1982 முதல் இருக்கிறது. அதன் பாடத்திட்டத்தில் ஒயினும் உண்டு. அதைப் பட்டப்படிப்பில் ஒரு அத்தியாயமாக விட்டுவைக்காமல், வேலையில் இருப்பவர்களும் வந்து எழுதக்கூடிய தனிச் சான்றிதழாக எடுக்கலாம். பொறுப்புடன் பரிமாறுவது முதல் படியாகட்டும். பார் உரிமம் உள்ள ஒவ்வொரு ஓட்டலுக்கும் அது கட்டாயமாகட்டும். திறப்பது, ஊற்றுவது, பாதுகாப்பது, சரக்குக் கணக்கு, ஒவ்வாமை ஆகியவை இரண்டாம் படி. ருசி அதற்கப்புறம். தேர்வு வைப்பவர் கற்றுக்கொடுத்தவராக இருக்கக் கூடாது. லண்டன் சான்றிதழோ மாஸ்டர் பட்டமோ வேண்டுமென்கிறவர்கள் அதன்பிறகு போகட்டும், அஸ்திவாரத்தோடு போவார்கள்.

செலவை ஓட்டல்தான் ஏற்க வேண்டும். விற்கிற ஒவ்வொரு பாட்டிலிலும் லாபம் அதற்குத்தான். சில ஓட்டல்கள் இப்போதே பணம் கட்டிப் படிக்கவைக்கின்றன. கூடவே இரண்டு ஆண்டு பாண்டில் கையெழுத்தும் வாங்குகின்றன. அதைக்கூட ஒப்புக்கொள்ளலாம், செலவு செய்தவர்கள் கொஞ்ச நாள் வேலை கேட்பது இயல்பு. ஆனால் அசல் சான்றிதழை மனிதவளப் பிரிவின் அலமாரியில் பூட்டிவைத்துக்கொள்வது நம் ஊரில் பல தொழில்களில் இருக்கும் பழக்கம். இந்தச் சான்றிதழுக்கு அந்த நிலை வரக் கூடாது. எந்தப் பாடத்திட்டம் வகுத்தாலும், சான்றிதழை ஓட்டலுக்கு அனுப்பாமல் தொழிலாளியின் பெயருக்கும் முகவரிக்கும் நேரடியாக அனுப்ப வேண்டும், பாண்ட் பாக்கி இருந்தாலும் அதைத் தடுத்துவைக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது என்ற விதியை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.